பழைய காரில் ஸ்பார்க் போய்விட்டதா? பார்ட்ஸ் மாற்றும் முன் செய்யவேண்டிய சோதனைகள், வரிசையாக

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பழைய கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். அந்த நேரத்தில் பலரும் செய்வது ப்ளக்கை மாற்றுவது, அப்புறம் கண்டென்சர், அப்புறம் காயில். ஏதோ ஒன்றில் அதிர்ஷ்டம் அடித்தால் வண்டி கிளம்பிவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். இரண்டு நாள் செலவழித்து காயில், பாயிண்ட், கண்டென்சர், ஹை டென்ஷன் வயர்கள் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் ஸ்பார்க் இல்லை. கடைசியில் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கை ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்துப் பிரித்து அனுப்பும் பாகம்) இருக்கும் விரல் நீள வயர் ஒன்று, மேல் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழை மட்டும் அறுந்து கிடந்தது. ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்து முறையாகத் தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகச் சொல்லப்போகிறேன்: கரண்ட் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும் வரை எதையும் மாற்றாதீர்கள்.

இது டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் கார்களுக்கு, முக்கியமாகப் பாயிண்ட்டும் (காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) கண்டென்சரும் உள்ளவற்றுக்கு. பாயிண்ட்டுக்குப் பதில் மாட்யூல் வைத்த ஆரம்பகால எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டி என்றால் இது பொருந்தாது, அதற்கு ஸ்கேனரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையையும் மனப்பாடம் செய்யாமலே நீங்களே யோசித்துச் செய்துவிடலாம்.

பேட்டரியின் 12 வோல்ட் இக்னிஷன் சாவி வழியாகக் காயிலின் பிளஸ் முனைக்கு வருகிறது. காயிலுக்குள் ஒரே இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்டது பிரைமரி, முடி போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது செகண்டரி. கரண்ட் பிரைமரியைக் கடந்து மைனஸ் முனைக்கு வந்து, அங்கிருந்து ஒரு மெல்லிய வயரில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போய், பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் அதன் வழியாக எர்த் ஆகிறது, அதாவது இன்ஜின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. அப்போது மூன்று நான்கு ஆம்பியர் ஓடி, காயிலில் காந்தப்புலம் உருவாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் அந்த ஓட்டம் அறுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது, பிரைமரியில் இருநூறு முந்நூறு வோல்ட்டும் செகண்டரியில் 20,000 வோல்ட் அளவுக்கும் எழுகிறது. அந்தப் பெரிய வோல்டேஜ்தான் நடு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்புக்கு வந்து, அதற்குள் சுற்றும் ரோட்டர் காட்டும் திசையில் உள்ள வயருக்குத் தாவி, ப்ளக்கில் பொறியாக விழுகிறது. ஸ்பார்க் பிறப்பது பாயிண்ட் திறக்கும் கணத்தில், இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

கண்டென்சர் எதற்கு என்று பலருக்கும் குழப்பம். பாயிண்ட் திறக்கும்போது ஓட்டம் உடனே நிற்க விரும்பாமல் அந்தச் சின்ன இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். கண்டென்சர் அதை உறிஞ்சிக்கொள்வதால் ஓட்டம் சுத்தமாக அறுகிறது. அது செத்துவிட்டால் பொறி ப்ளக்கில் அடிக்காமல் பாயிண்ட்டிலேயே அடிக்கும், பாயிண்ட் கருகும், ஸ்பார்க் நோஞ்சானாகிவிடும். வழக்கமான அளவு 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட்.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஏற்பாடு இது. 1970-கள் வரை உலகின் பெரும்பாலான கார்கள் இதே முறையில்தான் ஓடின. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்-மில் ஓடும்போது அந்தச் சின்னப் பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

கை வைக்கும் முன்

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். தொளதொளச் சட்டைக்கை, தொங்கும் சங்கிலி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஹை டென்ஷன் வயரைச் சோதிக்கும்போது வெறும் கையால் பிடிக்காதீர்கள், நன்கு உறை போட்ட குறடு வேண்டும். பாயிண்ட் சிஸ்டத்தில் ஷாக் அடித்தால் தூக்கிவாரிப்போடும். எலக்ட்ரானிக் சிஸ்டத்தில் சக்தி இன்னும் அதிகம், அது உண்மையிலேயே ஆபத்து. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் வாடை பலமாக அடிக்கிறது என்றால் முதலில் அந்தக் கசிவைப் பாருங்கள். ஸ்பார்க் சோதனையைக் கார்புரேட்டர் பக்கத்திலோ, கழற்றிய ப்ளக் துளை பக்கத்திலோ செய்யவே கூடாது.

இன்னொன்று. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் நீண்ட நேரம் விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், சாதாரண மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு பக்கமும் முதலை கிளிப் உள்ள நீளமான வயர், ப்ளக் ஸ்பேனர், செல்ஃப் அடிக்க உதவிக்கு ஒரு ஆள். ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்பார்க்தான் பிரச்சினையா?

சில நொடிகள் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்து வாடை அடித்தால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை, ஸ்பார்க்கைச் சந்தேகிக்கலாம். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் பக்கம் முதலில் பாருங்கள். இது நூறு சதவீதம் தீர்ப்பு கிடையாது, ஏனென்றால் சோக்கை அளவுக்கு மீறி இழுத்து நனைத்திருக்கலாம், ஆனால் நல்ல தொடக்கம்.

அடுத்தது பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பேட்டரியையும் அதன் முனைகளையும் சரி செய்யுங்கள். செல்ஃப் மோட்டார் மொத்தக் கரண்ட்டையும் இழுத்துக்கொண்டால் காயிலுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் கதை.

கண்ணால் பார்த்தே பாதி தெரியும்

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றுங்கள். வயர்களைப் பிடுங்காமல், கிளிப்பை மட்டும் விலக்கி அப்படியே தூக்கி ஓரமாக வையுங்கள். இப்போது ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் பலரும் அசட்டை செய்வார்கள். இன்ஜின் சுற்றியும் ரோட்டர் அசையவில்லை என்றால் டைமிங் பெல்ட் அல்லது செயின் அறுந்திருக்கலாம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பல்சக்கரம் போயிருக்கலாம். அதற்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், பெல்ட் அறுந்த சில இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டு நாள் முழுக்க வயர்களை நோண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஈரம் இருக்கிறதா? மழை நாளில், வண்டியைக் கழுவிய மறுநாளில், ஸ்டார்ட் ஆகாததற்குப் பாதிக் காரணம் இதுதான், துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும். முனைகளுக்கு இடையே பென்சிலில் கிறுக்கியது போல மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது கார்பன் தடம். கரண்ட் அந்தக் கோட்டில் ஓடி வீணாகிறது, கேப் மாற்ற வேண்டியதுதான். நடுவில் ஸ்பிரிங் போட்ட கார்பன் துண்டு உள்ளே அழுத்தினால் மீண்டு வர வேண்டும். உடைந்து விழுந்திருந்தால் அது வேறு எங்காவது உட்கார்ந்து ஷார்ட் செய்துகொண்டிருக்கும், தேடி எடுத்துவிடுங்கள்.

காயிலின் கழுத்தில் வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, தளர்ந்த நட்டு, பச்சை பூத்த முனை, இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வழி பிரியும் இடம்: நடு வயர் சோதனை

கேப்பைத் திரும்ப மாட்டி, காயிலில் இருந்து வரும் நடு வயரைக் கேப்பின் நடுவில் இருந்து பிடுங்குங்கள். அதன் முனையை உறை போட்ட குறடால் பிடித்து, பெயிண்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில் இருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். உதவியாளர் செல்ஃப் அடிக்கட்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரை இப்படி வெறுமனே தள்ளிப் பிடிக்காமல் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி அதை நன்றாக எர்த் செய்துதான் பார்க்க வேண்டும்; தாவ இடமில்லாத வோல்டேஜ் திரும்பி மாட்யூலைச் சுட்டுவிடும்.

நீலமாக, படபடவென்று சத்தத்தோடு தாவுகிறதா? பேட்டரியில் இருந்து காயில் வரை எல்லாம் நலம். கோளாறு ரோட்டர், கேப், வயர், ப்ளக் இவற்றில்தான். ஒன்றுமே இல்லையா? பிரைமரி பக்கமோ காயிலோ, அதை அடுத்து விரிவாகப் பார்ப்போம். மஞ்சளாக, மெல்லியதாக, சத்தமில்லாமல் வருகிறதா? கண்டென்சர், தேய்ந்த பாயிண்ட், வழியில் வோல்டேஜ் இழப்பு, வலுவிழந்த காயில், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

மொத்த வேலையில் மிக முக்கியமான ஒரு நிமிடம் இது. இதற்குப் பிறகு பாதி உதிரிபாகங்களை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.

நடு வயரில் ஸ்பார்க் இருக்கிறது, ப்ளக்கில் இல்லை

இந்தப் பக்கம் எளிது. முதல் சந்தேகம் ரோட்டர். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே இன்சுலேஷன் ஓட்டையாகி, வோல்டேஜ் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் இறங்கி எர்த் ஆகிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க வழி: கேப்பைத் திறந்துவைத்து, நடு வயரின் முனையை ரோட்டரின் உலோகப் பட்டைக்கு மேலே 6 மில்லிமீட்டரில் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். ரோட்டர் நன்றாக இருந்தால் கரண்ட்டுக்குப் போக இடமில்லை, தாவாது. தொடர்ந்து பலமாகத் தாவினால் ரோட்டர் வழியாக எர்த் ஆகிறது, மாற்றிவிடுங்கள். ரோட்டர் சின்னப் பொருள், எப்போதும் உபரியாக ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

அடுத்து வயர்கள். கார்பன் இழை வயர் என்றால் மல்டிமீட்டரில் மீட்டருக்கு 10 முதல் 25 கிலோ ஓம் வரை காட்டலாம். வயரின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால், எண்ணை விட ஒப்பீடுதான் முக்கியம். மற்றவை எல்லாம் ஒரே அளவில் இருக்க ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, எண்ணே வராவிட்டாலோ அது போய்விட்டது. இன்ஜின் ஓடுகிறது ஆனால் மிஸ் அடிக்கிறது என்றால் இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள், கசியும் இடத்தில் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும்.

வயர்களைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால் ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசையை, சரிபாருங்கள். நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, சிலவற்றில் 1-2-4-3. வரிசை ஆறு சிலிண்டரில் 1-5-3-6-2-4. ரோட்டர் சுற்றும் திசையும் வண்டிக்கு வண்டி மாறும், கேப்பைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ப்ளக் இடைவெளி பாயிண்ட் வண்டிகளில் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். பீங்கானில் வெடிப்பு இருந்தால் அந்த ப்ளக்கைத் தூக்கிப்போடுங்கள்.

நடு வயரில் ஒன்றுமே இல்லை

இங்கேதான் பெரும்பாலானோர் திணறுகிறார்கள், இங்கேதான் டெஸ்ட் லேம்ப் தன் மதிப்பைக் காட்டும். லேம்ப்பின் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள். நான் சொல்வது மைனஸ் எர்த் வண்டிக்கு. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் பக்கம் பாடியில் இணைந்திருக்கும், அங்கே காயில் முனைகளின் பெயரும் தலைகீழாகும். சில காயில்களில் பிளஸ், மைனஸுக்குப் பதிலாக எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதியிருக்கும்: எஸ்.டபிள்யூ. என்றால் சாவியில் இருந்து வருவது, சி.பி. என்றால் பாயிண்ட்டுக்குப் போவது. ஜெர்மன் வண்டிகளில் 15 என்பது சாவிப் பக்கம், 1 என்பது பாயிண்ட் பக்கம்.

முதலில் சாவியை ஆன் செய்து பிளஸ் முனையைத் தொடுங்கள். லேம்ப் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் காயிலுக்குக் கரண்ட்டே வரவில்லை. சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், இடையில் உள்ள இணைப்புகள், பேலஸ்ட் ரெசிஸ்டர் (சில வண்டிகளில் காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது), பின்னாளில் யாரோ மாட்டிய அலாரம், இவற்றில் ஒன்று. சந்தேகத்தைத் தீர்க்க, பேட்டரி பிளஸ்ஸில் இருந்து காயில் பிளஸ்ஸுக்குக் கிளிப் வயரை நேராகப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். வண்டி பிடித்துக்கொண்டால் காயிலும் அதற்குப் பிறகுள்ளவையும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சாவிப் பக்கம். இந்த வயர் இருக்கும் வரை சாவியை ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காது, வயரைக் கழற்றித்தான் நிறுத்த வேண்டும். சோதனைக்காக மட்டும், சில நிமிடம் மட்டும்.

பிளஸ் சரி என்றால் லேம்ப்பை மைனஸ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும், இந்த மூன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

லேம்ப் மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, பிரைமரி வேலை செய்கிறது. அப்படியும் ஸ்பார்க் இல்லை என்றால் காயிலின் செகண்டரி, நடு வயர், கண்டென்சர் இவைதான் மிச்சம்.

லேம்ப் மின்னாமல் நிலையாக எரிந்தால் கரண்ட் எர்த்துக்குப் போகவே இல்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் முகத்தில் அழுக்கோ எண்ணெயோ இருக்கிறது, அல்லது காயிலில் இருந்து பாயிண்ட் வரை வரும் வயர் அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் உட்காரும் தட்டுக்கு எர்த் இல்லை. நான் முதலில் சொன்ன என் கோளாறு இந்த வகைதான். வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சு விசையால் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அமைப்பு) தட்டை முன்னும் பின்னும் இழுக்கும்போதெல்லாம் அந்தக் குட்டி வயர்கள் வளைகின்றன, பல வருடம் வளைந்து உள்ளே அறுகின்றன. வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

லேம்ப் எரியவே இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு: காயில் பிரைமரி அறுந்திருக்கிறது, அல்லது மைனஸ் பக்கம் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகிக் கிடக்கிறது. பிரிப்பது சுலபம். மைனஸ் முனையில் உள்ள வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்து வெறும் முனையைத் தொடுங்கள். இப்போதும் எரியவில்லை என்றால் காயில் செத்துவிட்டது. எரிகிறது என்றால் காயில் நலம், கழற்றிய வயர்களில் ஒன்று எர்த் ஆகிறது. பாயிண்ட் திறக்கவே இல்லையா, கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டதா, டாக்கோமீட்டருக்குப் போகும் வயர் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். அந்த டாக்கோமீட்டர் வயரை யாருமே நினைப்பதில்லை, ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் அது உரசி நின்றால் ஸ்பார்க் முழுக்கப் போய்விடும்.

புதிதாகப் பாயிண்ட் மாற்றிய உடனே இந்த நிலை என்றால் இன்சுலேட்டர் வாஷரைப் பாருங்கள். வயர் முனைகளும் பாயிண்ட் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் போல்ட்டையோ தட்டையோ தொடவே கூடாது. வாஷரை வரிசை மாற்றிப் போட்டால் எல்லாமே எர்த்.

பாயிண்ட்டும் கண்டென்சரும்

பாயிண்ட் முகம் சாம்பல் நிறத்தில் லேசான சொரசொரப்போடு இருப்பது இயல்பு. கருகி நீலம் பாய்ந்திருந்தாலோ, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தாலோ மாற்றுங்கள், கண்டென்சரையும் சந்தேகியுங்கள். வழியில் நின்றுவிட்டால் மெல்லிய உப்புத்தாளை மடித்து இரண்டு முகத்தையும் தேய்த்து, பிறகு வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்து மணலைத் துடைத்தால் வீடு வரை வந்துவிடலாம். புதுப் பாயிண்ட்டிலும் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் படலம் தடவியிருப்பார்கள், அதைத் துடைக்காமல் மாட்டினால் ஸ்பார்க் வராது.

இடைவெளி வைக்க, இன்ஜினைத் திருப்பி, பாயிண்ட்டின் தேயும் குமிழ் கேமின் உச்சியில் உட்காரும்படி நிறுத்துங்கள். அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.35 முதல் 0.50 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஃபீலர் கேஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனை வைத்து ஒப்பேற்றலாம். டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் நான்கு சிலிண்டருக்குப் பொதுவாக 50 முதல் 60 டிகிரி. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும், நகரும் (இடைவெளி குறைந்தால் ஸ்பார்க் தாமதமாகும்), அதனால் முதலில் இடைவெளி, அப்புறம் டைமிங். குமிழ் உரசும் இடத்தில் துளி கிரீஸ் வைக்க மறந்துவிடாதீர்கள். காய்ந்த கேமில் அது சீக்கிரம் தேய்ந்து, இடைவெளி மூடிக்கொண்டு, சில மாதத்தில் வண்டி மறுபடி நிற்கும். தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டத்தில் இடைவெளி மாறினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, நீங்கள் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் நிற்காது.

கண்டென்சரை மல்டிமீட்டரில் அளப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. குளிரில் நன்றாகக் காட்டும், சூட்டில் விட்டுவிடும். அதைவிட, பழையதன் வயரைப் பிரித்துவிட்டு, நன்றாக இருப்பது தெரிந்த ஒன்றின் வயரைக் காயில் மைனஸிலும், அதன் உடலைக் கிளிப் வயர் போட்டு எர்த்திலும் இணைத்துப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. புதிது என்பதாலேயே நல்லது என்று எண்ணாதீர்கள், பெட்டியில் இருந்து எடுத்ததே கெட்டுக் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்துவது அதனால்தான்.

தனியாக இருக்கும்போது செல்ஃப் அடிக்க ஆள் இல்லை என்றால்: கேப்பைத் திறந்து, பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, நடு வயரை உலோகத்துக்குப் பக்கத்தில் குறடால் பிடித்துக்கொண்டு, உறை போட்ட ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்ட்டைத் தட்டித் திறவுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு ஸ்பார்க் விழ வேண்டும்.

காயிலும் பேலஸ்ட் ரெசிஸ்டரும்

வயர்களைக் கழற்றிவிட்டு அளங்கள். பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலில் பிரைமரி சுமார் 3 ஓம், பேலஸ்ட்டோடு வரும் காயிலில் 1.5 ஓம் அளவு. செகண்டரி பொதுவாக 5 முதல் 15 கிலோ ஓம். அளவு சரியாக இருந்தும் சூடானால் கெட்டுப்போகும் காயில்கள் உண்டு, ஆகவே அளவு தப்பினால் காயில் கெட்டது உறுதி, அளவு சரியாக இருந்தால் மட்டும் காயில் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது.

பேலஸ்ட் கோளாறுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது, ஒருமுறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் பேலஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு முழு வோல்டேஜ் காயிலுக்குப் போகும்படி வயரிங் இருக்கும். சாவி ஓடும் நிலைக்குத் திரும்பியதும் கரண்ட் பேலஸ்ட் வழியாக வர வேண்டும், அது அறுந்திருந்தால் அங்கேயே செத்துவிடும். சாவி ஸ்விட்ச்சின் ஓடும் நிலைக் கான்டாக்ட் தேய்ந்திருந்தாலும் இதே நடக்கும். பேலஸ்ட் காயிலையும் சாதாரணக் காயிலையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள். பேலஸ்ட் இல்லாத வயரிங்கில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் பாயிண்ட்டும் காயிலும் எரியும்.

ஸ்பார்க் வருகிறது ஆனால் பலமில்லை என்றால் வோல்டேஜ் இழப்பைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்க, சாவி ஆனில், காயில் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாயிண்ட்டோ எர்த்தோ சரியில்லை. பேலஸ்ட் இல்லாத வண்டியில் பேட்டரியைவிடக் காயில் பிளஸ்ஸில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி ஸ்விட்ச்சிலோ இணைப்பிலோ தேய்மானம்.

பாயிண்ட் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர் என்றால்

அமெரிக்காவில் க்ரைஸ்லர் 1973 மாடல்களில் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பரவலாகக் கொண்டுவந்தது, அதன்பின் மற்றவர்களும் மாறினார்கள். தத்துவம் அதேதான்: காயிலின் எர்த்தைத் திறந்து மூடும் வேலையைப் பாயிண்ட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் செய்கிறது, எப்போது திறக்க வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள சென்சார் சொல்கிறது. அதனால் காயில் பிளஸ், மைனஸ் சோதனைகள் இங்கும் பொருந்தும், ஆனால் எல்.இ.டி. டெஸ்டர் பயன்படுத்துங்கள்.

மைனஸில் டெஸ்டர் மின்னவில்லை என்றால் சென்சாரா மாட்யூலா என்று பிரிக்க வேண்டும். காந்த பிக்கப் காயில் வகையில் அதன் இரண்டு வயரைப் பிரித்து ஓம் அளங்கள். தயாரிப்பைப் பொறுத்துச் சில நூறில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கலாம், ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அளந்துகொண்டே வயரை ஆட்டுங்கள், வேக்குவம் டயாஃப்ரத்தை இழுத்துப் பாருங்கள், எண் குதித்தால் வயர் உள்ளே உடைந்திருக்கிறது. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் சிறிய வோல்டேஜ் தெரிய வேண்டும். ஹால் சென்சார் என்றால் மூன்று வயர்: சப்ளை, எர்த், சிக்னல். சப்ளையும் எர்த்தும் இருந்தும் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்கவில்லை என்றால் சென்சார் போய்விட்டது.

சென்சார் நன்றாக இருந்து, மாட்யூலுக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் ஒழுங்காக வந்தும் காயில் மைனஸ் அசையவில்லை என்றால் மாட்யூல்தான். எர்த்தை அழுத்திச் சொல்கிறேன், பல மாட்யூல்கள் தம் உடல் வழியாகவே எர்த் ஆகின்றன, துருப்பிடித்த ஸ்க்ரூ ஒன்று போதும் அதைச் சாகடிக்க. புது மாட்யூல் மாட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவ வேண்டிய வகை என்றால் கட்டாயம் தடவுங்கள். பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்ட வண்டியில் இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டாலே சில கிட்கள் எரிந்துவிடும்.

ஓடிக்கொண்டே இருந்து சூட்டில் நிற்கும் வண்டி

எல்லாவற்றிலும் எரிச்சலானது இது. அரை மணி ஓடும், அணையும், இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனால் அங்கே சமர்த்தாக ஓடும். காயில், மாட்யூல், கண்டென்சர் மூன்றுமே இப்படிச் செய்யும், பெட்ரோல் லைனில் ஆவி அடைத்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஆறுவதற்கு முன், நின்ற அந்த நிமிடத்திலேயே நடு வயர் சோதனையைச் செய்தால்தான் பயன். அதற்காகக் குறடும் டெஸ்ட் லேம்ப்பும் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஸ்பார்க் பலமாக இருந்தால் இக்னிஷனை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள்.

நிறுத்திவிட்டு இறங்கி ஓடக்கூட நேரமில்லை, விட்டுவிட்டு ஒரு நொடி வெட்டுகிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். காயில் பிளஸ்ஸில் இருந்து ஃபியூஸ் போட்ட ஒரு நீள வயரை உள்ளே இழுத்து, சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்றை டாஷ்போர்டில் ஒட்டி, மறுமுனையை எர்த் செய்யுங்கள். ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் பல்பைக் கவனிக்கப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் அதே நொடியில் பல்பும் அணைந்தால் சாவி ஸ்விட்ச், ஃபியூஸ் பெட்டி, இணைப்புகள் அல்லது பேலஸ்ட்டைப் பிரித்துப் பாருங்கள். பல்பு அசையாமல் எரிந்துகொண்டே இருக்க இன்ஜின் வெட்டினால் காயிலுக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம். அடுத்த முறை டைமிங் லைட்டின் (வயரில் ஸ்பார்க் போகும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு) கிளாம்ப்பைக் காயிலின் நடு வயரில் மாட்டி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே சூடேறும் வரை ஓடவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். இன்ஜின் அணையும்போது முதலில் வெளிச்சம் நின்றால் காயில், கண்டென்சர், பாயிண்ட் அல்லது மாட்யூல். கடைசிச் சுற்று வரை சீராக மின்னிக்கொண்டே இருந்தால் கேப், ரோட்டர் அல்லது பெட்ரோல்.